நோய்ச் செலவுக்கு ஒரே பொது நிதி

திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் விளையும் பருத்தி, துணியாகும் முன் மூவர் கைகளைக் கடக்கிறது. முதலில், காட்டில் கூலிக்குப் பருத்தி எடுக்கும் பெண். அடுத்து, மதுரை நூற்பாலையில் அதை நூலாக்கும் தொழிலாளி. மூன்றாவதாக, செல்லூரில் தம் வீட்டுத் தறியில் அந்த நூலை நெய்யும் நெசவாளி.

1970ஆம் ஆண்டில் இம்மூவருக்கும் குடல்வால் அழற்சி கண்டு, அறுவை செய்ய நேர்ந்தது என்று வைத்துக் கொள்வோம். மூவரும் மதுரை அரசினர் ஆஸ்பத்திரிக்குச் செல்லலாம்; அங்கே கட்டணம் இல்லை. ஆனால் ஆலைத் தொழிலாளிக்கு மட்டும் வேறொரு துணையும் இருந்தது. அவர் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் மருந்து பெறலாம். வேலைக்குப் போகாத நாட்களுக்குக் கூலியில் ஒரு பகுதியும் அவர் கைக்கு வரும். மற்ற இருவரும் அந்த நாட்களில் கடன் வாங்கித்தான் அடுப்பெரிக்க வேண்டும். ஒரே பருத்தியை நம்பிப் பிழைக்கும் மூவரிடையே ஏன் இந்த வேறுபாடு?

விடை காண, நோய்ச் செலவைப் பலர் கூடிப் பகிர்ந்து கொள்ளும் முறையின் வரலாற்றை நாம் அறிய வேண்டும். ஒரு நாட்டு மக்கள் அனைவரும் ஒரே நிதியில் பணம் சேர்த்து, மருத்துவருக்கும் ஆஸ்பத்திரிக்கும் அந்த நிதியிலிருந்தே பணம் கொடுப்பது இம்முறையின் முழு வடிவம். மருத்துவம் செய்பவர் பலர். பணம் கொடுப்பவர் ஒருவரே. இது எவ்வாறு இயங்குகிறது, பணம் எங்கிருந்து வருகிறது, நம் நாட்டில் எது வரை வந்திருக்கிறது என்பவற்றைக் காண்போம்.

மொய்யும் சீட்டும் காப்பீடும்

பலர் பணம் சேர்த்து ஒருவருக்கு உதவும் வழக்கம் நமக்குப் புதிதன்று. மதுரைச் சீமையில் காதுகுத்து, கல்யாணம் என்றால் மொய் எழுதாத வீடு உண்டா? ஆனால் மொய் ஒரு கடன். நோட்டில் எழுதிய தொகை என்றேனும் ஒரு நாள் திரும்பி வந்தாக வேண்டும். சீட்டு ஒரு சேமிப்பு. இருபது பேர் சேர்ந்தால் இருபது பேருக்கும் ஒரு முறை பணம் கிடைக்கும்.

காப்பீடு இவ்விரண்டிலும் சேராது. அதில் நோயுற்றவருக்கே பணம் கிடைக்கும். நோயுறாதவர் போட்ட பணம் திரும்பி வராது. அப்படித் திரும்பி வராமல் இருப்பதே அவருக்கு நல்லது. "பத்து ஆண்டுகளாகக் கட்டினேன், ஒரு காசும் பயன் இல்லை" என்று குறைபடுபவர், காப்பீட்டைச் சீட்டு என்று எண்ணிவிட்டார். பத்து ஆண்டுகளும் அவருக்கு அச்சமின்றிக் கழிந்தன அல்லவா? அவர் கட்டியது அதற்காகத்தான்.

பெரிய எண்ணின் வலிமை

இங்கே சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஆண்டில் இருபது குடும்பங்களுக்கு ஒன்று வீதம் ஆஸ்பத்திரியில் சேர நேர்கிறது என்றும், அதற்குச் சராசரியாக 20,000 ரூபாய் செலவாகிறது என்றும் கொள்வோம். ஒரு தெருவிலுள்ள 100 குடும்பங்கள் சேர்ந்து நிதி தொடங்கினால், ஆண்டில் 5 குடும்பங்களுக்கு உதவி தேவைப்படும். செலவு ஒரு லட்சம் ரூபாய். ஆகவே குடும்பத்துக்கு 1,000 ரூபாய் போட்டால் போதும் என்று தோன்றும்.

ஆனால் 5 என்பது சராசரியே. ஓர் ஆண்டு இரண்டாக இருக்கும். மறு ஆண்டு ஒன்பதாகும். ஒன்பதான ஆண்டில் நிதி திவாலாகிவிடும். இத்தகைய ஏற்ற இறக்கம் ஏறத்தாழ எதிர்பார்க்கும் எண்ணின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும் என்பது நிகழ்தகவுக் கணிதம் கூறும் விதி. 5இன் வர்க்கமூலம் 2.2, அதாவது நூற்றுக்கு 44 பங்கு. குடும்பங்கள் 10,000 ஆனால், எதிர்பார்ப்பது 500; ஏற்ற இறக்கம் சுமார் 22; நூற்றுக்கு நான்கரைப் பங்குதான். ஒரு கோடிக் குடும்பங்கள் சேர்ந்தால், எதிர்பார்ப்பது 5 லட்சம். ஏற்ற இறக்கம் 700 அளவே. ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குகூட இல்லை! அப்போது 1,000 ரூபாயுடன் இரண்டு மூன்று ரூபாய் கூடுதலாகப் போட்டாலே நிதிக்கு ஆபத்து இராது.

இயற்பியல் படிக்கும் மாணவர்களுக்கு இது பழக்கமான செய்தி. ஒரு பலூனுக்குள் இருக்கும் காற்று மூலக்கூறு எந்தப் பக்கம் ஓடும் என்று எவராலும் கூற இயலாது. ஆனால் கோடானுகோடி மூலக்கூறுகள் சேர்ந்து தரும் அழுத்தத்தைத் துல்லியமாகக் கூறிவிடலாம். யாருக்கு நோய் வரும் என்பது தெரியாது. எத்தனை பேருக்கு வரும் என்பது தெரியும். நிதி பெரிதாகப் பெரிதாக அந்தக் கணிப்பு உறுதிப்படுகிறது. எல்லாரையும் ஒரே நிதியில் சேர்க்க வேண்டும் என்பதற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணமும் உண்டு. நூறு பேரில் 80 பேர் நல்ல உடல்நலம் உடையவர்கள். அவர்களுக்கு ஆண்டுச் செலவு சராசரி 500 ரூபாய். மற்ற 20 பேர் முதியவர்கள், நோயாளிகள். அவர்களுக்கு 3,000 ரூபாய். எல்லாரும் சேர்ந்தால் தலைக்கு 1,000 ரூபாய் ஆகிறது. சேர்வது அவரவர் விருப்பம் என்று விட்டால், "500 ரூபாய்ச் செலவுக்கு நான் ஏன் 1,000 கட்ட வேண்டும்?" என்று நலமுடையவர் விலகுவர். மிஞ்சிய 20 பேரும் தலைக்கு 3,000 கட்ட வேண்டி வரும். அதைக் கட்ட முடியாத ஏழை நோயாளியும் விலகுவார். எவருக்காக நிதி தொடங்கினோமோ அவரே வெளியே நிற்பார். எனவேதான் இத்தகைய நிதிகள் சட்டத்தால் கட்டாயமாக்கப்படுகின்றன.

இரு வழிகள்

இதைச் சட்டமாக்கிய முதல் நாடு ஜெர்மனி. பிஸ்மார்க் காலத்தில், 1883ஆம் ஆண்டில், தொழிலாளர் நோய்க் காப்பீட்டுச் சட்டம் அங்கு நிறைவேறியது. சந்தாவில் மூன்றில் இரண்டு பங்கு தொழிலாளி, ஒரு பங்கு முதலாளி. ஆனால் அங்கே நிதி ஒன்றல்ல. தொழில்தோறும் ஊர்தோறும் பல நிதிகள் இருந்தன.

பிரிட்டன் வேறு வழியில் சென்றது. 1942ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த பெவரிட்ஜ் அறிக்கையைத் தொடர்ந்து, 1948 ஜூலை 5ஆம் நாள் அங்கே தேசிய மருத்துவப் பணி தொடங்கியது. அதற்குப் பணம் பெரும்பாலும் பொது வரிகளிலிருந்து வந்தது. சந்தா கட்டினாயா என்று நோயாளியைக் கேட்பதில்லை. நாட்டில் வசிப்பதே போதும்.

ஆக, பணம் திரட்ட இரு வழிகள் உள்ளன. ஒன்று, கூலியிலிருந்து சந்தா பிடிப்பது. மற்றொன்று, வரியிலிருந்து எடுப்பது. நம் நாட்டில் இரு வழிகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஆராயப்பட்டன.

அதார்க்கர் வகுத்த திட்டம்

ஆலைத் தொழிலாளர்களுக்கான நலவாழ்வுக் காப்பீட்டுத் திட்டத்தை வகுக்கும் பணி, 1943ஆம் ஆண்டு மார்ச்சில் பொருளியல் அறிஞர் பி. பி. அதார்க்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1944 ஆகஸ்டில் அவர் அறிக்கை தந்தார். நெசவு, பொறியியல், கனிமம் மற்றும் உலோகம் ஆகிய மூவகைத் தொழில்களில் கட்டாயக் காப்பீடு தொடங்கலாம் என்பது அவர் யோசனை. பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனத்தின் வல்லுநர்கள் அதை ஆராய்ந்தனர். பின்னர் அது திருத்தம் பெற்று, 1948 ஏப்ரலில் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டமாயிற்று. பிரிட்டனின் மருத்துவப் பணி தொடங்க அப்போது இன்னும் இரண்டரை மாதங்கள் இருந்தன என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

சட்டம் வந்தும் திட்டம் தொடங்க நான்கு ஆண்டுகள் ஆயின. முதலில் கான்பூரிலும் டில்லியிலும் மட்டும் தொடங்குவது என்று முடிவாயிற்று. "நாங்கள் மட்டும் சந்தா கட்டினால், கட்டாத ஊர் ஆலைகளுடன் எப்படிப் போட்டியிடுவது?" என்று அவ்வூர் முதலாளிகள் கேட்டனர். கேள்வி நியாயமானதே. 1951இல் சட்டம் திருத்தப்பட்டது. திட்டம் வந்த ஊரில் கூடுதலாகவும், வராத ஊரில் குறைவாகவும், நாடெங்கும் உள்ள ஆலை முதலாளிகள் சிறப்புச் சந்தா கட்ட வேண்டும் என்றாயிற்று. சுமையைப் பரப்பினால்தான் சுமக்க முடியும் என்ற விதி முதலாளிகளுக்கும் பொருந்தியது. 1952 பிப்ரவரி 24ஆம் நாள் கான்பூரில் பண்டித நேரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதலில் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 1,20,000 தொழிலாளர்கள். தமிழகத்தில் 1955இல் கோவையில் தொடங்கி, பின்னர் பிற தொழில் நகரங்களுக்கும் திட்டம் பரவியது.

மதுரை அதற்கு ஏற்ற ஊர். ரயில் நிலையத்துக்கு அருகே ஹார்வி சகோதரர்கள் நிறுவிய மதுரா மில், கருமுத்து தியாகராசச் செட்டியாரின் மீனாட்சி மில், பசுமலை மகாலட்சுமி மில் என்று ஆலைகள் மலிந்த நகரம் அது. ஆலைத் தொழிலாளி பஞ்சுத் தூசியில் நின்று வேலை செய்பவர். அத்தூசியால் வரும் நுரையீரல் நோயைத் தொழில்வழி நோய் என இச்சட்டம் ஏற்றுக் கொண்டது. தத்தனேரி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியை மதுரையில் அறியாதவர் இல்லை.

சந்தா எவ்வாறு கணக்கிடப்படுகிறது? 2019 ஜூலையில் வகுக்கப்பட்ட விகிதப்படி, கூலியில் தொழிலாளி 0.75 விழுக்காடும் முதலாளி 3.25 விழுக்காடும் தருவர். 16,000 ரூபாய் கூலி பெறுபவருக்கு 120 ரூபாய் பிடிக்கப்படும், முதலாளி 520 ரூபாய் சேர்ப்பார், ஆக 640. கூலி 20,000 ரூபாய் என்றால் 150ம் 650ம் சேர்ந்து 800. கட்டும் தொகை வேறு. பெறும் மருத்துவம் ஒன்றே. நோய் விடுப்பில் கூலியின் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். மருத்துவச் செலவில் எட்டில் ஒரு பங்கை, ஒரு வரம்புக்கு உட்பட்டு, மாநில அரசு ஏற்கும்.

காட்டில் நின்றவர்கள்

இவ்வளவு சிறந்த ஏற்பாடு பருத்தி எடுக்கும் பெண்ணை ஏன் அடையவில்லை? எவருக்கும் அவள் மீது பகை இல்லை. சந்தா பிடிக்க வேண்டுமானால் சம்பளப் பட்டியல் வேண்டும். பட்டியல் வைக்க நிலையான முதலாளி வேண்டும். அவளோ இன்று ஒரு காட்டில், நாளை வேறொரு காட்டில் வேலை செய்பவள். 1948ஆம் ஆண்டுச் சட்டம், மின்விசையால் இயங்கி, 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தொழிற்சாலைக்கே பொருந்தியது. பின்னாளில் அந்த எண் 10 ஆகக் குறைந்தது. வீட்டுத் தறியில் மனைவி மக்களுடன் உழைக்கும் செல்லூர் நெசவாளி எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை. கூலியிலிருந்து சந்தா பிடிக்கும் முறையின் எல்லை இதுதான்.

இந்த எல்லையை அன்றே உணர்ந்த குழு ஒன்று உண்டு. சர் ஜோசப் போர் தலைமையில் 1943இல் அமைந்த அக்குழுவில், சென்னையின் புகழ்பெற்ற மருத்துவர் ஆ. இலட்சுமணசாமி முதலியாரும் ஓர் உறுப்பினர். அது 1946இல் அறிக்கை தந்தது. பணம் இல்லாத காரணத்தால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்பது அதன் அடிப்படைக் கொள்கை. மருத்துவம் வேறுபாடின்றி அனைவருக்கும் இலவசமாக இருக்க வேண்டும்; வசதி படைத்தவர் தம் பங்கை வரி வழியாகச் செலுத்தட்டும் என்று அது பரிந்துரைத்தது.

சுதந்தர இந்தியா இரண்டையும் பாதிப் பாதியாக ஏற்றது. ஆலைத் தொழிலாளிக்கு அதார்க்கர் வழி. மற்றவர்க்குப் போர் குழு வழியில் அரசு ஆஸ்பத்திரிகளும் ஆரம்பச் சுகாதார நிலையங்களும். இரண்டாம் வழிக்குப் போதிய வரிப்பணம் ஒதுக்கப்படவில்லை. ஆகவே மக்கள் தம் கைப்பணத்தை நம்பலாயினர். நாட்டின் மொத்த நலவாழ்வுச் செலவில் மக்கள் நேரடியாகக் கைவிட்டுக் கொடுத்தது 2013-14ஆம் ஆண்டில் 64.2 விழுக்காடு; 2021-22இல் அது 39.4 விழுக்காடாகக் குறைந்தது. இப்போதும் இது சிறிய சுமையன்று.

பணம் கொடுப்பவர் ஒருவரே ஆனால்

உலகில் சில நாடுகள் இக்குறையை எவ்வாறு தீர்த்தன? கானடாவில் சஸ்காச்சுவான் என்னும் கோதுமை விளையும் மாகாணம் 1962 ஜூலை முதல் நாள், தன் மக்கள் அனைவருடைய மருத்துவர் கட்டணத்தையும் அரசே தரும் என அறிவித்தது. மருத்துவர்கள் 23 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். முடிவில், மருத்துவர் அரசு ஊழியர் ஆக வேண்டியதில்லை, பில்லை மட்டும் அரசுக்கு அனுப்பினால் போதும் என்று உடன்பாடு ஏற்பட்டது. 1972க்குள் நாடு முழுவதும் அம்முறை பரவியது.

தென்கொரியாவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கும் 1977இல் பெரிய தொழிற்சாலைகளுக்கே முதலில் கட்டாயக் காப்பீடு வந்தது. உழவரையும் சிறு வணிகரையும் சேர்த்தபோது, அவர்கள் சந்தாவில் ஒரு பகுதியை அரசு வரிப்பணத்திலிருந்து ஈடு செய்தது. 1989க்குள் அனைவரும் சேர்ந்தனர். முந்நூற்றுக்கும் மேற்பட்டுச் சிதறிக் கிடந்த நிதிகள் 2000ஆம் ஆண்டில் ஒன்றாக இணைக்கப்பட்டன. தைவான் 1995 மார்ச்சிலேயே ஒரே காப்பீட்டு நிதியைத் தொடங்கிவிட்டது.

பணம் கொடுப்பவர் ஒருவரானால் கிடைக்கும் நன்மை என்ன? பேரம் பேசும் வலிமை. இதற்குச் சான்று தேடி நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநிலத்து அரசு ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் தானே டெண்டர் விட்டு மருந்து வாங்குகிறது. மாவட்டக் கிடங்கிலிருந்து ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் தன் பாஸ் புத்தகக் கணக்கில் மருந்தைப் பெற்றுக் கொள்கிறது. வாங்குபவர் ஒருவர் என்றால் விலை இறங்கும். பிற மாநிலங்களும் இதைப் பின்பற்றின.

தீமையும் இல்லாமலில்லை. கொடுப்பவர் ஒருவரே என்றால் அவர் கை இறுகும்போது எல்லாரும் தவிப்பர். நிர்ணயித்த தொகை குறைவாக இருந்தால் ஆஸ்பத்திரிகள் நோயாளியை ஏற்கத் தயங்கும். பட்ஜெட் குறைந்தால் அறுவைக்குக் காத்திருக்கும் வரிசை நீளும். ஆகவே நிதி ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. அதன் கணக்கு பொதுமக்கள் பார்வையில் இருக்க வேண்டும்.

2009க்குப் பின்

தமிழகத்தில் அடுத்த படி 2009 ஜூலையில் எடுத்து வைக்கப்பட்டது. ஏழைக் குடும்பங்களுக்குக் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. அது 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் திட்டத்துடன் இணைந்து, உதவித் தொகை ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் ஆயிற்று. 2022 ஜனவரியில் வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ஆக உயர்ந்தது. பருத்தி எடுக்கும் பெண்ணும் செல்லூர் நெசவாளியும் இப்போது கார்டு பெறலாம்.

இதில் பிரீமியத்தை யார் கட்டுகிறார்? அரசு. 2022இல் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் வீதம், ஒன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவான குடும்பங்களுக்கு, யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்திடம் கட்டப்பட்டது. பெருக்கிப் பாருங்கள்: 1,200 கோடி ரூபாய்க்கு மேல் ஆகிறது. மத்தியத் திட்டத்தின் கீழ் வரும் பங்குக்கு மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற வீதத்தில் தருகின்றன. அனைத்தும் வரிப்பணம். சோப்பு வாங்கும்போதும் பஸ் ஓட டீசல் வாங்கும்போதும் சேரும் வரியில் பருத்திக்காட்டுப் பெண்ணின் காசும் இருக்கிறது. இதை "இலவசம்" என்பது பொருந்தாது. அவள் முன்கூட்டியே கட்டியதுதான் அது.

ஆனால் இரு குறைகள் மீதி இருக்கின்றன. இத்திட்டம் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே பணம் தருகிறது. நாள்தோறும் விழுங்கும் சர்க்கரை மாத்திரையும், இரத்த அழுத்த மாத்திரையும் அதில் அடங்கா. அவற்றை வீடு தேடிக் கொடுக்க 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தனித் திட்டம் தொடங்க வேண்டியதாயிற்று. இரண்டாவதாக, அறுவைக்குப் பின் படுத்திருக்கும் நாட்களின் கூலி. ஆலைத் தொழிலாளிக்கு அது உண்டு. காட்டு வேலை செய்பவளுக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை.

1948ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அடங்கியுள்ளது. அது 2025 நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அமைப்புசாராத் தொழிலாளர்க்கும் இ.எஸ்.ஐ. வழியே திட்டம் வகுக்க அதில் இடம் இருக்கிறது. அப்படி ஒரு திட்டம் வரும்போது, அன்பர்களே, மூன்று கேள்விகள் கேளுங்கள். பணம் போடுபவர் யார், அவரவர் வசதிக்கு ஏற்பவா? நிதி ஒன்றா, பலவா? கூலி நாட்களையும் அன்றாட மருந்தையும் அது கணக்கில் கொள்கிறதா? மூன்றாம் கேள்விக்கு ஆம் என்ற விடை வந்தால்தான், பருத்தி எடுப்பவளும் நூல் நூற்பவரும் ஒரே நிதியில் சேர்ந்தனர் என்று நாம் சொல்ல முடியும்.